லாங் மெல்ஃபர்ட்: உள்ளே போகும் முன் சுவரைப் படியுங்கள்

கேள்வி இது: வேலை நிமித்தம் லண்டன் வருகிறேன், ஒரு நாள் கையில் இருக்கிறது. கேன்டர்பரி போன்ற பேராலயங்களை முன்பே பார்த்துவிட்டேன். இடைக்காலத்து ஊர்க் கோவில் ஒன்றை நிதானமாகப் பார்க்க வேண்டும். எங்கே போவது, அங்கே எதைக் கவனிப்பது? நான் கிறிஸ்தவன் அல்லன், உள்ளே விடுவார்களா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தாராளமாக விடுவார்கள். டிக்கெட் கிடையாது, வாசலருகே காணிக்கைப் பெட்டி இருக்கும், மனம்போல் போடலாம். செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை, தொப்பியை மட்டும் எடுத்துவிடுங்கள். வழிபாடு நடக்கும்போது படம் எடுக்காமல் இருந்தால் போதும். வெயில் காலத்திலும் உள்ளே குளிரும் என்பதால் ஸ்வெட்டர் ஒன்று கையில் இருக்கட்டும்.

எங்கே போவது என்றால், ஒரே ஒரு கோவில்தான் பார்க்க முடியும் என்கிற நிலையில் நான் தயங்காமல் சொல்வது சஃபோக் மாவட்டத்தின் லாங் மெல்ஃபர்ட் ஊரிலுள்ள பரிசுத்த திரித்துவ ஆலயத்தை. லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையத்திலிருந்து மார்க்ஸ் டே வரை ஒரு ரயில், அங்கே மாறி சட்பரி வரை ஒரு சிறு ரயில், அதன்பின் பஸ்ஸில் மூன்று மைல். பஸ் நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். ஞாயிறு காலை வழிபாட்டு நேரம், வேறு நாளில் போவது நல்லது. பறவை பார்க்கிறவர்கள் வைத்திருக்கும் பைனாகுலர் கிடைத்தால் மறக்காமல் எடுத்துப்போங்கள். அது ஏன் என்பது கீழே வரும்.

பேராலயத்துக்கும் பங்குக் கோவிலுக்கும், அதாவது ஊர்க் கோவிலுக்கும், அளவில் மட்டுமல்ல வேறுபாடு. பேராலயம் ஆயரின் இருக்கை. அரசர்களும் ஆயர்களும் துறவியரும் சேர்ந்து வளர்த்தது. பங்குக் கோவில் ஊராருடையது. பங்குக் கோவிலின் செலவைப் பிரித்த விதமே இதைச் சொல்லும். குருவானவர் பூசை செய்யும் கிழக்குப் பகுதியின் கூரை ஒழுகினால், ஊராரின் வருவாயில் பத்தில் ஒரு பங்கான தசமபாகத்தைப் பெறுகிறவர் பழுதுபார்க்க வேண்டும். மக்கள் கூடும் நடுக்கூடம் ஒழுகினால் மக்களே பார்த்துக்கொள்ள வேண்டும். அதனால்தான் பல ஊர்களில் பீடப்பகுதி சிறிதாகவும் பழையதாகவும் இருக்க, நடுக்கூடம் மட்டும் மாளிகைபோல் எழும்பி நிற்கும். ஊரில் பணம் புரண்ட காலத்தில் மக்கள் தங்கள் பகுதியைப் பெரிதாகக் கட்டிக்கொண்டார்கள். எந்த ஊர்க் கோவிலுக்குப் போனாலும் இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள்: எந்தப் பகுதிக்கு யார் காசு கொடுத்தார்கள், எதற்காகக் கொடுத்தார்கள்?

மெல்ஃபர்டில் இதற்கு விடை தேட வேண்டியதே இல்லை. சுவரிலேயே எழுதியிருக்கிறது.

பஸ்ஸை விட்டு இறங்கி, ஊரின் பெயரிலுள்ள ‘லாங்’ எதற்கு என்று கால் வலிக்கத் தெரிந்துகொண்டு வடக்கே நடந்தால், பெரிய பசும்புல் திடல் வரும். அதன் மேட்டு முனையில், 1573இல் சர் வில்லியம் கார்டெல் ஏழை முதியோருக்காக நிறுவிய செங்கல் விடுதியின் பின்னே கோவில் தெரியும். முதலில் கண்ணில் படும் கோபுரத்தில் அதிகம் மயங்கவேண்டாம். பழைய கோபுரம் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடி விழுந்து பாழானது. பிறகு செங்கல்லில் ஒன்று கட்டினார்கள். அதற்கு மேலாடைபோல் கல்லும் சிக்கிமுக்கியும் போர்த்தி இன்றைய உருவம் தந்தவர் ஜி. எஃப். பாட்லி என்னும் கட்டடக் கலைஞர். அந்த வேலை 1903இல்தான் முடிந்தது. கோபுரத்தை விட்டுவிட்டு உடலைப் பாருங்கள். ஏறத்தாழ 1467 முதல் 1497 வரை, ஒரு தலைமுறைக்குள், பழைய கோவிலைப் புதுப்பித்து எழுப்பிய உடல் அது.

என் முதல் பயணத்தில் நான் நேரே வாசலுக்குள் நுழைந்துவிட்டேன். இந்தக் கோவிலின் முக்கியமான செய்தியைப் பார்க்காமலே ஊர் திரும்பினேன் என்பது பின்னால் தெரிந்தபோது மிகவும் வருந்தினேன். உங்களுக்கு அது நேரக் கூடாது. உள்ளே போகாதீர்கள். முதலில் வெளியே சுற்றி வாருங்கள்.

சஃபோக்கில் கட்டடம் கட்ட நல்ல கல் கிடையாது. சுண்ணப் பாறைக்குள் முடிச்சு முடிச்சாகக் கிடக்கும் சிக்கிமுக்கிக் கல்தான் உண்டு. வெள்ளைத் தோலுடன் உருளைக்கிழங்கு போலிருக்கும் அந்த முடிச்சைச் சுத்தியலால் பக்குவமாகத் தட்டினால் இரண்டாகப் பிளந்து, உள்ளே கண்ணாடிபோல் பளபளக்கும் கருமை தெரியும். செதுக்குவதற்கேற்ற வெளிர்நிறச் சுண்ணக்கல்லை வெளியூரிலிருந்து கொண்டுவர வேண்டும், அது விலை அதிகம். ஆகவே இங்குள்ள கொத்தர்கள் ஒரு வழி கண்டார்கள். சுண்ணக்கல்லை மெல்லிய சட்டங்களாக வடிவம் வெட்டி, இடைவெளிகளில் பிளந்த சிக்கிமுக்கியின் கருமுகம் வெளியே தெரியும்படி, இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கப் பதித்தார்கள். கையால் தடவிப் பாருங்கள். கல்லிலிருந்து சிக்கிமுக்கிக்கு விரல் போகும்போது மேடு பள்ளம் அநேகமாகத் தெரியாது. ஆனால் கல் சொரசொரப்பாகவும் சிக்கிமுக்கி வழுவழுப்பாகவும் இருக்கும். மழை பெய்து ஓய்ந்தபின் போக வாய்த்தால் கருமை இன்னும் ஆழமாகி, சுவர் முழுவதும் மையால் வரைந்ததுபோல் தெரியும். வறுமையில் பிறந்த நுட்பம்தான்; ஆனால் இங்கிலாந்தில் எனக்கு இதைவிடப் பிடித்த சுவர் வேலை வேறில்லை.

இப்போது பைனாகுலரை எடுங்கள். மேல் ஜன்னல் வரிசையையொட்டி, வடக்கிலும் தெற்கிலும் ஒரு வரி நீளமாக ஓடுவதைக் காண்பீர்கள். பழைய கோதிக் எழுத்து, பழைய ஆங்கிலம். ஒவ்வொரு பகுதியும் ஏறக்குறைய ஒரே மாதிரி தொடங்கும்: இன்னாருடைய ஆன்மாவுக்காக மன்றாடுங்கள். ராபர்ட் ஸ்பாரோ, அவர் மனைவி மரியன், தாமஸ் கூப்பர், அவர் மனைவி ஆகியோருக்காக மன்றாடச் சொல்லிவிட்டு, அவர்கள் விட்டுச்சென்ற பொருளைக் கொண்டும் ஊரின் நல்லெண்ணம் உடையோர் துணையோடும் இந்த ஏழு வளைவுகளைப் புதுப்பித்தோம் என்கிறது ஒரு பகுதி. ஆண்டு 1481. இன்னொரு இடத்தில் பங்கின் குருவாக இருந்து இறந்த ஜைல்ஸ் டென்ட்டின் பெயர் வருகிறது. வேறொரு இடத்தில், கோவில் பணியை முன்னின்று நடத்திய ஜான் கிளாப்டனின் வீட்டில் பட்லராக இருந்த ரிச்சர்ட் லவ்டேயின் பெயர். ஆம், எசமானின் பெயருக்குப் பக்கத்திலேயே அவர் வீட்டுப் பணியாளரின் பெயரும் அதே அளவு எழுத்தில், அதே உயரத்தில்.

டியூப்லைட்டில்கூட ‘இன்னார் உபயம்’ என்று எழுதிவைக்கும் வழக்கம் அறிந்த நமக்கு இது புரிந்ததுபோலவே தோன்றும். ஆனால் இங்கே நோக்கம் சற்று வேறு. அந்தக் காலத்துக் கத்தோலிக்க நம்பிக்கைப்படி, நல்லவர்களும் இறந்தவுடன் மோட்சம் போய்விட முடியாது. உத்தரிக்கும் ஸ்தலத்தில் பாவக் கடனைத் தீர்க்க வேண்டும். உயிரோடிருப்பவர்கள் செய்யும் மன்றாட்டும் பூசையும் அந்த வேதனைக் காலத்தைக் குறைக்கும். ஆகவே சுவரில் பெயர் எழுதியது பெருமைக்காக மட்டுமல்ல. வழிப்போக்கரிடம் கேட்கும் பிச்சை அது. ‘நான் இவற்றை வெளிப்படுத்துவது புகழ் பெறுவதற்காக அல்ல, என் ஆன்மா நினைக்கப்படுவதற்காக; கிறிஸ்துவே சாட்சி’ என்ற பொருளில் லத்தீன் வரி ஒன்றும் அந்தச் சுவரில் உண்டு. அதைக் கண்டுபிடித்து வாசித்தபோது, அதுவரை அழகாக மட்டுமே தெரிந்த கட்டடம் எனக்கு ஒரு கூட்டக் குரலாகக் கேட்கத் தொடங்கியது.

இந்தக் குரல்களில் ஓங்கி ஒலிப்பது ஜான் கிளாப்டனுடையது. அருகிலுள்ள கென்ட்வெல் பண்ணைமாளிகையின் உரிமையாளர். கம்பளித் துணி வணிகத்தால் ஊர் செழித்த காலத்தில் கோவில் பணியை முன்னின்று நடத்தியவர். 1462இல் ஆக்ஸ்ஃபர்ட் பிரபுவோடும் வேறு சிலரோடும் ராஜத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டு லண்டன் கோட்டையில் சிறைவைக்கப்பட்டார். மற்றவர்கள் தலையிழந்தார்கள், இவர் மட்டும் தப்பினார். அதன்பின் சில ஆண்டுகளில் கோவில் பணி தொடங்குகிறது. உயிர் தப்பிய மனிதரின் நன்றிக்கடனா, தப்பாத நண்பர்களுக்கான கடமையா என்று எந்த ஆவணமும் சொல்லவில்லை. ஆனால் தெற்கு முகப்பு மண்டபத்துக்கு மேலே அவர் எழுதச் செய்ததைப் படியுங்கள். தன் பெற்றோர் தலைமுறையினர் பெயர்களையும் தன் பெயரையும் சொன்னபிறகு, ‘மேற்படி ஜான் யாருக்காகவெல்லாம் மன்றாடக் கடமைப்பட்டிருக்கிறாரோ அந்த எல்லா ஆன்மாக்களுக்காகவும்’ என்று முடிகிறது. அந்தப் பெயரில்லாதவர்கள் யார் என்று நினைத்துப் பார்க்காமல் என்னால் ஒருமுறைகூட அந்த வாசலைக் கடக்க முடிந்ததில்லை.

இனி உள்ளே வாருங்கள்.

வெளிச்சம்தான் முதலில் தாக்கும். 70க்கும் மேற்பட்ட ஜன்னல்கள். இங்கிலாந்தின் இடைக்காலக் கட்டடங்களைக் காலவாரியாகப் பிரித்துப் பெயரிட்டவர் தாமஸ் ரிக்மன். 1817இல் அவர் வைத்த பெயர்களே இன்றும் வழக்கில் உள்ளன. அவர் ‘பர்பென்டிகுலர்’ என்றழைத்த கடைசிக் கட்டம் இது, நேர்குத்துப் பாணி என்று சொல்லலாம். ஜன்னலின் கல்சட்டங்கள் கீழிருந்து மேல்வரை நிமிர்ந்தே ஓடும். சுவர் மெலிந்து, கண்ணாடி பெருகி, இரண்டு ஜன்னல்களுக்கு நடுவே தூண் மட்டும் மிஞ்சியதுபோல் இருக்கும். இதற்கு 300 ஆண்டு முந்தைய நார்மன் கோவில்களில் சுவர் பாறைபோல் கனத்திருக்கும், ஜன்னல் கை நுழையும் அளவே இருக்கும். அதோடு ஒப்பிட்டால்தான் இந்தக் கொத்தர்களின் துணிவு புரியும்.

கூடம் கிழக்கு மேற்காக ஏறத்தாழ 150 அடி நீளம். ஒன்பது வளைவுகள். நடுவில் நின்று தூண்களை எண்ணிக்கொண்டே போங்கள். மேற்கிலுள்ள முதல் ஐந்து வளைவுகள் இதற்கு முன்பிருந்த கோவிலைச் சேர்ந்தவை என்று கருதப்படுகிறது. புதுப்பித்தவர்கள் நல்ல நிலையில் இருந்ததை இடிக்கவில்லை. அதைத் தொடர்ந்து நீட்டினார்கள். பழையதையும் புதியதையும் மாறி மாறிப் பாருங்கள். பங்குக் கோவில்களை வாசிக்கப் பழகுவதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. இப்போதுள்ள இருக்கைகளை மனதால் எடுத்துவிடுங்கள். பீடப்பகுதிக்கு முன்னால் மரத் தடுப்பு ஒன்றும் அதன்மேல் சிலுவையில் தொங்கும் கிறிஸ்துவின் பெரிய உருவமும் இருந்ததாகவும், கூரையில் பொன் நட்சத்திரங்கள் மின்னியதாகவும் கற்பனை செய்துகொள்ளுங்கள். அது வெறும் கற்பனை அல்ல என்பதைப் பிறகு சொல்கிறேன்.

வடக்குப் பக்கக் கூடத்தின் ஜன்னல்களில் 15ஆம் நூற்றாண்டு வண்ணக் கண்ணாடியில் வரிசையாக மனிதர்கள் மண்டியிட்டிருப்பார்கள். பெரும்பாலோர் கிளாப்டனின் உறவினரும் நண்பரும். இவர்கள் முதலில் மேல் ஜன்னல்களில் இருந்தவர்கள், பின்னாளில் பார்வைக்கு வசதியாகக் கீழே கொண்டுவரப்பட்டார்கள். பெண்களின் தலையலங்காரத்தைக் கவனியுங்கள்: கூந்தலைப் பின்னே இழுத்து மறைத்து, மெல்லிய துணியை வண்ணத்துப்பூச்சியின் சிறகுபோல் விரித்துக் கட்டியிருப்பார்கள். அதே பக்கத்தில், வடக்கு வாசலுக்கு மேலே சிறிய வட்டக் கண்ணாடி ஒன்று. மூன்று முயல்கள் ஒன்றையொன்று துரத்துகின்றன. ஒவ்வொரு முயலுக்கும் இரண்டு காதுகள் உண்டு, ஆனால் மொத்தம் எண்ணினால் மூன்று காதுகள்தான். ஒரு காதை இரண்டு முயல்கள் பகிர்ந்துகொள்கின்றன. திரித்துவத்தின் பெயரால் அமைந்த கோவிலில் இது பொருத்தம் என்பார்கள். ஆனால் இதே முயல் வட்டம் சீனத்தின் துன்ஹுவாங் குகை ஓவியங்களிலும் இருக்கிறது. எவ்வளவு தூரம் ஓடிவந்த முயல்கள்!

பீடத்துக்கு வடபுறம் கிளாப்டனின் தனிச் சிற்றாலயம். அவர் ஆன்மாவுக்காக அன்றாடம் பூசை நடப்பதற்கென்றே அமைந்தது. சிறிய அறை, ஆனால் என் கணக்கில் அரைமணி நேரம் இதற்கே வேண்டும். சுவரின் உச்சியில் மர விளிம்பைச் சுற்றிலும் செடிக்கொடியோடு பின்னிய சுருள் ஒன்று வரையப்பட்டு, அதில் பரி செயின்ட் எட்மண்ட்ஸ் மடத்துத் துறவி ஜான் லிட்கேட்டின் கவிதை எழுதப்பட்டிருக்கிறது. கிழக்கு ஜன்னலில் கூர்ந்து கவனித்தால்தான் தெரியும் ஓர் அரிய உருவம்: லீலிச் செடியில் அறையப்பட்ட கிறிஸ்து. மரச்சிலுவை இல்லை, பச்சைத் தண்டும் இலையும் மலரும்தான். லீலி, கபிரியேல் தூதர் மரியாளுக்கு மங்கள வார்த்தை சொன்ன காட்சியின் அடையாளம். பிறப்பின் முதல் செய்தியையும் இறப்பையும் ஒரே செடியில் வைத்துவிட்டார் அந்தக் கண்ணாடிக் கலைஞர். இந்த உருவம் இங்கிலாந்தில் மிகச் சில இடங்களில் மட்டுமே எஞ்சியிருக்கிறது.

சிற்றாலயத்துக்கும் பீடத்துக்கும் இடைப்பட்ட சுவரில் கிளாப்டனின் கல்லறை. மேலே படுத்த சிலை இல்லை, மட்டமான கற்பலகை. கஞ்சத்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். பெரிய வெள்ளி முதல் ஈஸ்டர் விடியல் வரை நற்கருணையையும் (கிறிஸ்துவின் உடலாக வணங்கும் அப்பம்) சிலுவையையும் கிறிஸ்துவின் கல்லறையாகப் பாவித்து வைக்கும் இடம் இது. ஆண்டுதோறும் கிறிஸ்துவின் கல்லறை தன் கல்லறைமேல் அமையட்டும் என்று ஒருவர் திட்டமிட்டிருக்கிறார். குனிந்து மேல் வளைவைப் பாருங்கள்: உயிர்த்த கிறிஸ்துவும், கிளாப்டனும் மனைவியும் பிள்ளைகளும் வண்ணத்தில் இருக்கிறார்கள். 500 ஆண்டுப் பழமையான வண்ணம்.

இவையெல்லாம் கட்டி முடிந்து 50 ஆண்டுகளில் நாடு கத்தோலிக்க வழியை விட்டு மாறிவிட்டது. 1547இல் ஆன்மாக்களுக்கான பூசை மானியங்கள் ஒழிக்கப்பட்டன. புனிதர்களின் சிலைகள் அகற்றப்பட்டன. உத்தரிக்கும் ஸ்தலமே இல்லை என்றானது. அதற்கு நூறாண்டு கழித்து, உள்நாட்டுப் போரின்போது வில்லியம் டௌசிங் என்பவர் சஃபோக் முழுவதும் கோவில் கோவிலாகச் சென்று படங்களை உடைத்தார். அவர் எழுதிய நாட்குறிப்பு இருக்கிறது; மெல்ஃபர்டுக்கு அருகேயுள்ள கிளேர் ஊரில் ஆயிரம் படங்களை உடைத்ததாகவும், அதில் 200ஐத் தானே உடைத்ததாகவும் குறித்திருக்கிறார். ‘ஆன்மாவுக்காக மன்றாடுங்கள்’ என்ற பித்தளைத் தகடுகளைப் பெயர்த்தெடுப்பது அவர் வேலையில் ஒரு பகுதி. அப்படிப்பட்ட மாவட்டத்தில், மெல்ஃபர்டின் சுவர் முழுதும் அதே வேண்டுகோள் அழியாமல் நிற்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பு.

முன்பு சொன்ன நட்சத்திரக் கூரைக்கு வருகிறேன். ரோஜர் மார்ட்டின் என்பவர் இவ்வூர்க்காரர், பழைய கத்தோலிக்க நம்பிக்கையை விடாதவர். சிறுவயதில் தான் கண்ட கோவில் எப்படி இருந்தது என்று முதுமையில் நினைவிலிருந்து எழுதிவைத்தார். பொன் நட்சத்திரங்கள் பதித்த கூரை, பீடத்தின் பின்னே ஒரே பெருமரத்தில் செதுக்கிய பாடுகளின் காட்சி, மடியில் இறந்த மகனைக் கிடத்திய வியாகுல மாதா, பெரிய வியாழனன்று மெழுகுதிரிகளோடு நிற்கும் மரச்சட்டம் எல்லாம் அதில் வருகின்றன. கிறிஸ்துவின் கல்லறை கிளாப்டன் சிற்றாலயத்துக்குப் பக்கத்துச் சுவர் இடைவெளியில், ‘அவர் முன்னோர் ஒருவரின் கல்லறைமேல் என்று நினைக்கிறேன்’ என்றும் எழுதுகிறார். இப்போது நீங்கள் குனிந்து பார்த்த அதே இடம். தெற்குப் பக்கத்தில் தன் குடும்பத்துக்கு உரிய பகுதியின் பீடத்தில் இருந்த சிலுவைக் காட்சிப் பலகை பழுதடைந்து தன் வீட்டில் இருப்பதாகவும், தன் வாரிசுகள் அதைச் சீர்செய்து ஒருநாள் மீண்டும் வைப்பார்கள் என்று நம்புவதாகவும் சொல்கிறார். அது திரும்பவில்லை. தெற்குப் பக்கக் கூடத்தின் கிழக்கு முனையில் நின்று அந்த வரியை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்று திரும்பியது. அலபாஸ்டர் என்னும் மென்மையான கல்லில் செதுக்கிய 14ஆம் நூற்றாண்டுப் புடைப்புச் சிற்பம். யாரோ தரைக்கடியில் மறைத்து வைத்து, 18ஆம் நூற்றாண்டில் கிடைத்தது. இப்போது வடக்குச் சுவரில் பதித்திருக்கிறார்கள். மூன்று ராஜாக்கள் பாலன் இயேசுவை வணங்கும் காட்சி. மாதா கட்டிலில் சாய்ந்திருக்கிறார். களைத்த தாயின் சாய்வு அது. கட்டிலுக்கடியிலிருந்து மாடும் கழுதையும் தலையை நீட்டி எட்டிப் பார்க்கின்றன. அவற்றின் முகத்தைப் பார்க்க நீங்களும் குனிய வேண்டியிருக்கும். அதை ஒளித்தவரும் இந்த முகங்களைப் பார்த்திருப்பார்.

நேரம் மிஞ்சினால் ஐந்து மைல் தொலைவில் லாவன்ஹம் இருக்கிறது. அதே கம்பளிப் பணத்தில் எழுந்த கோவில், 141 அடிக் கோபுரம். கோபுரத்தை மட்டும் ஒப்பிட்டால் லாவன்ஹம்தான் மேல். ஆனால் அவசரமாக இரண்டைப் பார்ப்பதைவிட மெல்ஃபர்டையே மாலைவரை பாருங்கள்.

கிளம்புமுன் மீண்டும் வெளியே வந்து கிழக்கு முனைக்குச் செல்லுங்கள். அங்கே மூன்று கூரைமுகடுகளோடு, தனி வீடுபோல ஒட்டி நிற்பது மாதா சிற்றாலயம். 1496ஆம் ஆண்டு அதன் சுவரில் இருக்கிறது. நடுவே சிறு கருவறை போன்ற அறை, சுற்றிவர நடக்கத் தூண்வரிசைப் பிரகாரம். பவனி வருவதற்காகக் கட்டியது. பவனிகள் நின்றுபோன பிறகு, 1670 முதல் சில காலம் ஊர்ப் பள்ளிக்கூடமாக இருந்தது. கிழக்குச் சுவரில் பெருக்கல் வாய்ப்பாடு இன்னும் இருக்கிறது. வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது எண்கள் தெளிவாகத் தெரியும்.